கோட்லெஸ்: கம்பியற்றதும் அன்று, வடமற்றதும் அன்று

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை. மேசன் பாஸ் ஒருவர் மும்மொழி விளம்பரத் தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அதன் தமிழ்ப் பகுதியில் "கம்பியற்ற கம்பி கட்டும் இயந்திரம்" என்று அச்சிட்டிருந்தது. "கம்பி இல்லாம எப்படி தம்பி கம்பி கட்டுறது? கம்பிச் சுருள தனியா வாங்கணுமா?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. "இல்ல பாஸ், இது பற்றரியில வேல செய்யுறது. பிளக் குத்தத் தேவயில்ல, அதத்தான் அப்படிப் போட்டிருக்காங்க" என்றார் கடைத் தம்பி. மொழிபெயர்ப்பாளர் செய்யத் தவறியதை அந்தத் தம்பி ஒரே மூச்சில் செய்துவிட்டார். கோட்லெஸ் (cordless) என்ற ஆங்கிலச் சொல்லைக் கம்பியற்ற, கம்பியில்லா என்று எழுதும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பொறுத்துவந்த நான், அன்று இதை எழுதியே தீருவது என்று முடிவுசெய்தேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட் (cord) என்பதன் மூலம், குடலையும் குடலால் முறுக்கிய நரம்பையும் குறித்த கிரேக்கச் சொல். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து கயிறு என்று பொருள்பட்டது. பின்னர், கருவியிலிருந்து சுவரின் பிளக் வரை நீளும், இறப்பர் உறையிட்ட மின் கயிற்றுக்கும் பெயராயிற்று. ஜேர்மனியின் ஃபைன் நிறுவனம் மின்சாரத்தில் இயங்கும் கைத் துரப்பணத்தை, அதாவது துளையிடும் ட்ரில்லை, 1895இல் உருவாக்கியது. அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர், நிக்கல் கட்மியம் மின்கலங்களில் இயங்கும் துரப்பணத்தை 1961இல் கொண்டுவந்தது. இடைப்பட்ட அறுபத்தாறு ஆண்டுகளில் மின்கருவி என்றாலே வால் உள்ளது என்று ஆங்கிலம் பேசுவோர் பழகிப்போயிருந்ததால், வால் இல்லாததே அவர்களுக்குப் புதுமையாகப் பட்டது. இல்லாததைச் சொல்லியே அவர்கள் பெயரிட்டார்கள்.

அந்தக் கயிற்றைத் தமிழில் யாரும் கம்பி என்று அழைப்பதில்லை. கொழும்பில் அது வயர். கட்டட வேலையில் கம்பி என்றால் கொங்கிறீற்றுக்குள் வைக்கும் பத்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் இரும்பு, அவற்றை முடிச்சிடுவது கட்டுகம்பி, வேலிக்கு முட்கம்பி. விறைப்பும் உலோகத் தன்மையும் கம்பியின் இயல்பு, வளைந்து சுருளும் இறப்பர் உறை அதற்குப் புறம்பானது. மேலும், மின்கலத்தில் இயங்கும் துரப்பணத்தின் உறையைத் திறந்து பார்த்தவர் எவரும் அதைக் கம்பியற்றது என்று சொல்ல மாட்டார். மின்கலம் பொருந்தும் தொடுகைகளிலிருந்து ஆளிக்கு, அதாவது சுவிச்சுக்கு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர்கள் போகின்றன. மோட்டாருக்குள் செப்புக் கம்பி சுற்றுச் சுற்றாக இறுகிக் கிடக்கிறது. கம்பி இல்லாவிட்டால் அந்தக் கருவி சுழலவே சுழலாது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கம்பியில்லா என்ற அடைமொழிக்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் உரிமையாளர் இருக்கிறார். கம்பி வழியாகப் போன செய்தி கம்பியை விட்டு வெளியில் பரவத் தொடங்கியபோது, கம்பியில்லாத் தந்தி என்று நம் முன்னோர் சொன்னது மிகச் சரி. அங்கே உண்மையிலேயே நீக்கப்பட்டது தந்திக் கம்பிதான். வயர்லெஸ் என்பதற்கு உரிய அந்தச் சொல்லை எடுத்துக் கோட்லெஸ்ஸுக்கும் சூட்டினால், இரண்டும் ஒரே கருவியில் சந்திக்கும்போது என்ன செய்வது? அப்படிச் சந்திக்கும் கருவிகள் இன்று சந்தையில் இருக்கின்றன. மகிற்றா நிறுவனத்தின் சில வாள்கள் மின்கலத்தில் இயங்குபவை. அவற்றின் ஆளியை அழுத்தியதும் புளூடூத் அலை வழியாகச் செய்தி போய், அறையின் மூலையில் நிற்கும் தூசி உறிஞ்சி தானாக இயங்கத் தொடங்கும். முதலாவது கோட்லெஸ், இரண்டாவது வயர்லெஸ். இரண்டையும் கம்பியற்ற என்றே எழுதிய தமிழ்க் குறிப்பை நான் வாசித்திருக்கிறேன். வாங்குபவர் எதற்குக் காசு கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதை அந்தக் குறிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குறையை உணர்ந்த சிலர் மின்வடமற்ற என்று எழுதுகிறார்கள். வடம் நல்ல சொல். தேர் வடம் பிடித்த கைகளுக்கு அது கயிறு என்று சொல்லித்தர வேண்டியதில்லை, மின் கயிற்றுக்கு மின்வடம் என்பதும் பொருத்தமே. எனினும் இச்சொல்லையும் நான் ஏற்கவில்லை. தமிழில் காரணப் பெயர் பெரும்பாலும் ஒரு பொருளில் இருப்பதைக் கொண்டு அமைவது. கைவாளும் உளியும்கூட வடமற்றவைதாம். எரிவாயுவில் ஆணி அடிக்கும் கருவியும் வடமற்றதுதான். இல்லாததைச் சொல்லும் பெயர், இருப்பது என்ன என்ற கேள்வியை விடையின்றி விட்டுவிடுகிறது. கம்பியில்லாத் தந்தியின் வழியே வந்த ஒலிபரப்பு 1925இல் கொழும்பில் தொடங்கியது; ஆனால் நிலைத்தது வானொலி என்ற பெயர், ஏனென்றால் அது இருப்பதைச் சொன்னது. கையடக்கத் தொலைபேசியை வடமற்ற தொலைபேசி என்று நாம் அழைக்கவில்லை. அதே வழியில் மின்கலத் துரப்பணம், மின்கல வாள், மின்கலத் திருகி என்பவையே இயல்பான தமிழ். பற்றரித் துரப்பணம் என்று எழுதுபவரோடும் எனக்குச் சண்டை இல்லை. தனித்தமிழை நான் விரும்புகிறவன். ஆனால் பொய் சொல்லும் தூய சொல்லைவிட, மெய் சொல்லும் இரவற் சொல் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருவியிலிருந்து கழற்றி மின்னேற்றும் பெட்டியை மட்டும் எழுத்தில் மின்கலவடுக்கு என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுக்கு என்ற சொல் அங்கே வேலை செய்கிறது. இலிதியம் அயன் கலம் ஒன்று 3.6 வோல்ற்று; ஐந்தைத் தொடராக அடுக்கினால் 18. 2.5 அம்பியர்மணிக் கொள்ளளவுள்ள பத்துக் கலங்களை ஐந்தைந்தாக இரு வரிசையில் இணைத்தால் 18 வோல்ற்று, 5 அம்பியர்மணி; அதே பத்தையும் ஒரே வரிசையில் இணைத்தால் 36 வோல்ற்று, 2.5 அம்பியர்மணி. இரண்டிலும் சேமிக்கும் ஆற்றல் 90 வாற்றுமணிதான். மின்னேற்றி எடுத்தவுடன் சுமையின்றி அளந்தால் கலம் ஒவ்வொன்றும் 4 வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டும் என்பதால், அந்த 18ஐயே டிவோல்ற் போன்ற நிறுவனங்கள் 20 வோல்ற்று மக்ஸ் (max) என்று விற்கின்றன. மக்ஸ் என்பதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், 18ஐவிட 20 வலியது என்ற தவறான எண்ணத்தைத் தமிழருக்கு மட்டும் தனியாக ஊட்டிவிடுகிறார். உச்சம் என்ற ஒரு சொல் போதும்.

இதே தாள்களில் பற்றரி பிளாட்ஃபோம் என்பது மின்கல மேடை ஆகிறது, சில இடங்களில் மின்கலத் தளம் ஆகிறது. புகையிரத மேடையில் எவரும் ஏறலாம். இணையத்தளத்துக்குள் எவரும் நுழையலாம். ஆனால் இங்கே சொல்லப்படுவது நேர்மாறானது. ஒரு நிறுவனத்தின் மின்கலவடுக்கு, காடியும் தொடுகைகளும் வேறாக இருப்பதால், மற்றொரு நிறுவனத்தின் கருவியில் ஏறாது. மகிற்றாவின் 18 வோல்ற்று அடுக்கு, மகிற்றாவின் 40 வோல்ற்று உச்சக் கருவியில்கூட ஏறாது. மெற்றாபோ நிறுவனம் 2018இல் தொடங்கிய கூட்டணி போன்ற சிலவற்றில்தான் வெவ்வேறு நிறுவனங்கள் ஓர் அடுக்கைப் பகிர்கின்றன. ஒன்றின் அடுக்கை மற்றொன்று ஏற்கும் கருவிகளின் தொகுதிக்குக் குடும்பம் என்பதே தக்க பெயர். முதற் கருவியை வாங்கும்போதே எந்தக் குடும்பத்துக்குள் போகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே உணர்த்துகிறது. மேடை என்ற சொல் அதை மறைக்கிறது.

பொருளைக் கையால் தொட்டுப் பாராமல் சொற்பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. அந்த மேசன் பாஸின் தாளில் இருந்திருக்க வேண்டிய வரிகள் இவை: மின்கலத்தில் இயங்கும் கம்பி கட்டும் இயந்திரம். 18 வோல்ற்றுக் குடும்பம். மின்கலவடுக்கும் மின்னேற்றியும் தனி விலை. கட்டுகம்பிச் சுருளும் தனி விலை.