ஹெல்மெட்டுக்குக் கூலியில் பிடித்தால் கேளுங்கள்: பெங்களூரு கட்டடத் தொழிலாளர்களுக்கு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு லேபர் கார்டு (கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை) மனு எழுத வருபவர்களில் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் நிறைய. போன மாதம் வந்த சித்தாள் அக்கா ஒருவர், கூலிக் கணக்கு எழுதும் சின்ன நோட்டைக் காட்டினார். சனிக்கிழமைக்கு நேரே 'தொப்பி 150' என்று கழித்திருந்தது. "ஹெல்மெட் கொடுத்தாங்கல்ல, அதுக்குப் பிடிச்சாங்க" என்றார், அது சரிதான் என்பது போல.

சரியில்லை. 1996-ஆம் வருடத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பாதுகாப்புக்காக வேலையிடத்தில் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது அது. ஹெல்மெட், பெல்ட், வலை எல்லாமே முதலாளி செலவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சைட் எல்லாம் இதற்குள் வரும். ஒருவர் தான் குடியிருக்க 50 லட்சத்துக்குள் கட்டும் வீடு மட்டும் வராது. நம் ஆட்கள் பலர் வேலை செய்வது அப்படிப்பட்ட வீடுகளில்தான் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பெல்ட்டைப் பற்றி ஒன்று. இடுப்பில் கட்டினால் மட்டும் போதாது, கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாரக் கம்பத்திலேயே மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் கூடவே போவார். கட்டடத்தோடு சேர்ந்த உறுதியான இடத்தில், இல்லையென்றால் அதற்கென்றே இழுத்துக் கட்டிய கயிற்றில் மாட்ட வேண்டும். அஸ்திவாரக் குழியும் அப்படித்தான். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்து, பக்கத்துக்கு முட்டும் கொடுக்காமல், மழை பெய்த மறுநாள் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். இது சட்டம் கொடுத்த உரிமை. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமானத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் யார் என்று மேஸ்திரியிடம் கேட்டு வையுங்கள்.

அப்புறம் லேபர் கார்டு. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் கர்நாடக நலவாரியத்தில் பதியலாம். "ஊரில் கார்டு இருக்கே" என்பார்கள் பலர். அது தமிழ்நாட்டு வாரியத்தின் கார்டு. தொழிலாளர் நலனுக்காகக் கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் என்ற வரி வசூலிக்கிறார்கள் இல்லையா, பெங்களூரில் எழும் கட்டடத்தின் செஸ் கர்நாடக வாரியத்துக்குத்தான் போகிறது. அதிலிருந்து உதவி வேண்டுமானால் இங்கேதான் பதிய வேண்டும். 90 நாள் சான்றுக்குக் காண்ட்ராக்டர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் அந்தப் பகுதி லேபர் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பாருங்கள். தொழிலாளர் துறை உதவி எண் 155214.

விபத்து நடந்தால் "உனக்குக் கார்டு இல்லை, ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லி ஆயிரம் இரண்டாயிரத்தைக் கையில் திணித்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். நம்பாதீர்கள். வாரியம் தரும் உதவி வேறு, வேலையில் அடிபட்டதற்கு முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு வேறு. நஷ்டஈட்டுக்குக் கார்டு தேவையில்லை. அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். சைட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை முதல் நாளே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா மனு எழுதி முடித்ததும் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். வியர்வையில் நனைந்து எழுத்து கலைந்துவிடும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள் அக்கா என்றேன். தொப்பிக்குப் பிடித்த 150 ரூபாய்க்கும், வேலை செய்த 90 நாளுக்கும் அவர் கையில் இருக்கும் சாட்சி அந்த நோட்டுதான்.