ஜனாதிபதி வேட்பாளர் மீது குற்றச்சாட்டு: சட்டம் எங்கே, எப்போது கேட்கும்?

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் வேட்பாளர்களைப் பற்றிய குற்றச்சாட்டுகளும் கூடவே கிளம்பிவிடும். ஒருவருக்கு வெளிநாட்டுக் குடியுரிமை இருக்கிறது என்பார்கள். இன்னொருவர் மீது ஊழல் வழக்கு இருக்கிறது என்பார்கள். மூன்றாமவருக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இவற்றில் சிலவற்றுக்குச் சட்டம் பதில் சொல்ல வேண்டும், சிலவற்றுக்கு வாக்காளர் மட்டுமே பதில் சொல்ல முடியும். இந்த வேறுபாடு தெரியாததால், தேர்தல்கள் ஆணைக்குழுவிலோ நீதிமன்றத்திலோ உரிய நாளில் கேட்க வேண்டிய கேள்வி மேடையிலும் முகநூலிலும் சுற்றிவிட்டு அடங்கிப்போகிறது.

முதலில் தகுதி. வேட்பாளருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவாகும் தகுதி இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை மக்களால் ஜனாதிபதியாகத் தெரிவானவர் மறுபடி நிற்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று அவரை நிறுத்த வேண்டும்; கட்சி இல்லையென்றால் அவர் இந்நாள் அல்லது முன்னாள் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். 2024 தேர்தலில் கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000 ரூபா.

வழக்கு நிலுவையில் இருப்பது தடை அல்ல. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறை விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்காக, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்று அதை அனுபவித்து வருபவரும், அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகாதவரும்தான் தகுதி இழக்கிறார்கள். வாக்களிப்பது, பதவிக்கு நிற்பது போன்ற குடியியல் உரிமை பறிக்கப்பட்டாலும் போட்டியிட முடியாது. 1980 ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பாராளுமன்றம் பறித்தது. அதனால் 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. அவருடைய கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. தகுதிநீக்கம் என்ற கருவி ஆளும் தரப்பின் கையில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை. வெறும் குற்றச்சாட்டு ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதும் இதனால்தான்.

குடியுரிமை விடயம் இன்னும் சிக்கலானது. 2015இல் வந்த 19ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை போட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் மறுபடி கொண்டுவந்தது. ஆக, இன்று வேறு நாட்டுக் குடியுரிமையையும் வைத்திருக்கும் இலங்கைப் பிரஜை ஜனாதிபதியாக முடியாது.

சரி, இதை யார் சரிபார்ப்பது? வேட்புமனுவை நிராகரிப்பதற்குத் தேர்தல் சட்டம் தரும் காரணங்கள் பெரும்பாலும் மனுவின் வடிவம், கட்டுப்பணம், கையளித்த முறை போன்றவைதான். ஒருவருடைய குடியுரிமைப் பத்திரம் செல்லுமா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் அது அல்ல. அந்தச் சுமை குடிமக்கள் தலையில் விழுகிறது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவின் இலங்கைக் குடியுரிமையைக் கேள்விக்கு உட்படுத்தி இரண்டு சிவில் செயற்பாட்டாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். 2005 நவம்பரில் அவருக்கு வழங்கப்பட்ட இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் முறையானது அல்ல என்பது அவர்களது வாதம். ஒக்டோபர் 4ஆம் திகதி மூன்று நீதிபதிகளும் ஏகமனதாக மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். வேட்புமனு நாள் ஒக்டோபர் 7. இடையில் இருந்தது சனியும் ஞாயிறும் மட்டும்.

இந்த நெருக்கடியைக் கவனியுங்கள். பாராளுமன்றத் தேர்தலிலும் இதே கதைதான். சுவிஸ் குடியுரிமை காரணமாக கீதா குமாரசிங்க ஆசனம் இழந்தது 2017இல், தெரிவாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு. டயனா கமகேயின் பிரித்தானியக் குடியுரிமை வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2024 மே மாதம் வந்தபோது, அவர் ஏறக்குறைய நான்கு வருடம் சபையில் இருந்துவிட்டார். வேட்பாளர் தன் குடியுரிமை ஆவணங்களை மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஆணைக்குழு அவற்றை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவது அவ்வளவு கடினமான காரியமா?

வேட்புமனு நாளில் ஆட்சேபனை தெரிவிக்கக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. காலை 9 முதல் 11 வரை மனு ஏற்பார்கள். 11.30 வரை ஆட்சேபனை கேட்பார்கள். 2024 ஆகஸ்ட் 15இல் 39 மனுக்கள் ஏற்கப்பட்டன. எழுப்பப்பட்ட ஆட்சேபனைகள் நிராகரிக்கப்பட்டன.

பெரிதாக வெடித்துவிட்டு ஒன்றுமில்லாமல் போகும் சர்ச்சைகளும் உண்டு. 2010 ஜனவரி 26, வாக்களிப்பு நாளன்று, சரத் பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்பது தெரியவந்தது. அவரால் வாக்களிக்க முடியவில்லை. அவர் வேட்பாளராகவே இருக்க முடியாது என்று அரச தரப்பு சொன்னது. தேர்தல் ஆணையாளர் அதை ஏற்கவில்லை. இடாப்பில் பெயர் இருப்பது வேறு, வாக்காளராகும் தகுதி இருப்பது வேறு. அரசியலமைப்பு கேட்பது இரண்டாவதை.

அடுத்து சொத்து. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் உண்மையான மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பிருந்த 1975ஆம் ஆண்டுச் சட்டப்படியும் சொத்து, பொறுப்பு விபரம் கொடுக்க வேண்டும்தான். ஆனால் அதைப் பெற்ற ஒருவர் வெளியே சொன்னால் அவரே குற்றவாளி ஆவார். 2024இல் ஜனாதிபதி வேட்பாளர்களின் பிரகடனங்களைத் தேர்தல்கள் ஆணைக்குழு தன் இணையத்தளத்திலேயே வெளியிட்டது. கணக்கு இலக்கம் போன்ற தனிப்பட்ட விபரங்களை மறைத்துவிட்டு, காணி, வீடு, வாகனம், வருமானம், கடன் எல்லாம் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்தன. அறிவித்த சொத்துக்கும் கண்ணால் பார்க்கும் வாழ்க்கைக்கும் பொருந்தவில்லை என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

செலவுக்கும் இப்போது வரம்பு உண்டு. 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று நிர்ணயித்தார்கள். பதிவான வாக்காளர் 1 கோடியே 71 இலட்சத்துக்கு மேல் என்பதால், ஒரு வேட்பாளருக்கு ஏறக்குறைய 186 கோடி ரூபா வந்தது. பெரிய தொகைதான். இருந்தாலும் வரம்பே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் முன்னேற்றம். முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவு அறிக்கையும், காசு யார் தந்தார்கள் என்ற விபரமும் கொடுக்க வேண்டும். இதில் எனக்குள்ள குறை ஒன்றே: வாக்களித்து முடிந்த பிறகுதான் இந்தத் தகவல் வருகிறது.

பதவியில் இருந்துகொண்டே போட்டியிடுபவர் மீதான விமர்சனம் தனி ரகம். உள்ளூராட்சித் தேர்தலை நடத்தப் பணம் விடுவிக்காததன் மூலம் நிதி அமைச்சர் என்ற முறையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மக்களின் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஆகஸ்ட் 22இல். வாக்களிப்புக்கு 30 நாள்தான் இருந்தது. அப்படியொரு தீர்ப்பு வந்தாலும் வேட்பாளர் தகுதி இழப்பதில்லை. அதற்கு விலை போட வேண்டியவர் வாக்காளர்.

வேட்பாளருக்கும் பாதுகாப்பு உண்டு. தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கில் அவருடைய நடத்தையைப் பற்றிப் பொய்யான செய்தியைப் பரப்புவது தேர்தல் சட்டத்தில் ஊழல் செயல். கொள்கையைத் திட்டலாம், நிர்வாகத்தைத் திட்டலாம். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வதுதான் குற்றம்.

தேர்தல் முடிந்த பின் மிஞ்சுவது தேர்தல் மனு. உயர் நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து நீதிபதிகள் அதை விசாரிப்பார்கள். 1988 தேர்தலை எதிர்த்து சிறிமாவோ தொடுத்த மனு 1992இல் தள்ளுபடியானது. 2010இல் பொன்சேகாவின் மனுவும் தள்ளுபடி. இதுவரை எந்த ஜனாதிபதியும் தேர்தல் மனுவால் பதவி இழந்ததில்லை.

வென்றவர் மீதான மற்ற வழக்குகள், அடிப்படை உரிமை வழக்குகள் நீங்கலாக, பதவிக்காலம் முழுவதும் நின்றுவிடும். 35ஆவது உறுப்புரை தரும் விடுபாட்டுரிமை அது. அரச பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தொடரப்பட்ட டி.ஏ. ராஜபக்ஷ நினைவு அருங்காட்சியக வழக்கிலிருந்து கோட்டாபய 2019 நவம்பர் 21இல் விடுவிக்கப்பட்டது அவர் ஜனாதிபதி ஆகிவிட்டார் என்பதால்தான்.

உங்களிடம் ஆதாரம் இருந்தால் வேட்புமனு நாளுக்கு முன்பே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். பிரசார காலத்தில் அரச வாகனம், அரச கட்டடம் பயன்படுத்தப்படுவதைக் கண்டால் திகதி, இடம், வாகன இலக்கம், படம் ஆகியவற்றோடு ஆணைக்குழுவின் மாவட்ட முறைப்பாட்டு நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.