திகில் கதை எழுதும் பிள்ளைகளும் பெரியவர்களின் கவலையும்

இளையோருக்குத் திகில் கதைப் பட்டறை நடத்துகிறேன் என்றால் பெற்றோர் முதலில் கேட்பது, "பிள்ளைகள் ராத்திரி தூங்குவார்களா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் பதின்மூன்று வயதில் பயம் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிறது: சாவு, நண்பர்களால் ஒதுக்கப்படுவது, நாளுக்கு நாள் மாறும் சொந்த உடம்பு. பேயும் பாழடைந்த வீடும் அதற்கு ஓர் உருவம் தருகின்றன. அந்த உருவத்தை வாசலிலேயே நிறுத்துவதா, உள்ளே விடுவதா என்பதை எழுதுகிற பிள்ளையே முடிவு செய்கிறது.

இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே கெட்டது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட பெண் அப்போது தொடங்கியதுதான், உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் ஒருவனைப் பற்றிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல். அவருக்கு வயது 18. அதற்கு முந்தைய ஆண்டு, குறைமாதத்தில் பிறந்த மகளைப் பறிகொடுத்திருந்தார். குழந்தையை நெருப்பருகே தேய்த்துச் சூடேற்றியதும் உயிர் திரும்பியதாகக் கனவு கண்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு, இளையவர்கள் எழுதும் திகிலை வெறும் விளையாட்டு என்று என்னால் தள்ள முடிவதில்லை.

முதல் கதையில் பெரும்பாலும் ரத்தம்தான் ஓடும். நான் தடுப்பதில்லை, இரண்டாவது கதைக்குள் அவர்களுக்கே சலித்துவிடும். ஆன் ராட்கிளிஃப் என்ற நாவலாசிரியரின் கட்டுரை ஒன்று, அவர் இறந்தபின் 1826இல் வெளிவந்தது. என்ன வருமோ என்ற நடுக்கம் மனத்தை விழிக்க வைக்கிறது, கண்ணெதிரே கண்ட கோரம் அதை உறைய வைக்கிறது என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. நன்றாகத் தெரிந்த ஓர் அறையை எழுதி, அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் பிசகவிடச் சொல்வேன். நாற்காலி தினமும் காலையில் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பியிருப்பதாக ஒரு மாணவி எழுதினாள். திருப்பியது யார் என்று கடைசிவரை சொல்லவேயில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அந்த அரண்ட கண்ணை எழுதத் தெரிந்தால் போதும். பேயை வாசகரே கொண்டுவந்துவிடுவார்.

பட்டறை நடத்துவோர் அதிகம் கவனிக்க வேண்டியது முடிக்கும் விதத்தை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்வின் துயர அனுபவங்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதில் எழுந்த உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குச் சென்றார்கள்; ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் வாடித்தான் இருந்தது. கற்பனைக் கதை அவ்வளவு நேரடியானதல்ல. இருந்தாலும், எழுதி முடித்த பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைசி அரை மணி நேரம் விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு, எந்த வரியில் பயம் வேலை செய்தது, ஏன் செய்தது என்று பேசுவோம். தொழில்நுட்பம் பேசத் தொடங்கியதும் கதை மேசைமேல் வைத்துப் பார்க்கும் பொருளாகிவிடும். யாரையும் கட்டாயப்படுத்தி வாசிக்க வைப்பதில்லை. உடன் படிப்பவரின் பெயரைக் கதையில் பலியாகும் பாத்திரத்துக்கு வைக்கவும் அனுமதியில்லை.

கதை கொடூரமாக இருப்பது மட்டுமே ஆபத்தின் அடையாளமாகாது. என்னை நிறுத்துபவை வேறு: வாரந்தோறும் அதே ஆள், அதே அறை, கற்பனையே கலக்காத விவரங்கள்; தன்னையோ பிறரையோ துன்புறுத்தும் திட்டம் போன்ற வரிகள்; கூடவே பேச்சும் பழக்கமும் மாறுவது. அப்போது வகுப்பு முன்னால் எதுவும் கேட்காமல் தனியே பேச வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. பள்ளியிலோ பட்டறையிலோ பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்கு முதலில் சொல்வதா என்பதையும் அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். சில வேளை அந்தக் கதையில் வரும் ஆள் வீட்டிலேயே இருக்கலாம்.

மற்றபடி, பிள்ளை கதையை நீட்டினால் "இப்படியெல்லாம் ஏன் எழுதுகிறாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின் பல பிள்ளைகள் நோட்டை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் உங்களுக்குப் பயமாக இருந்தது என்று சொல்லுங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள்.