செக்கைச் சுற்றும் மூளை

2014 பிப்ரவரி முதல் வாரத்தில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடிக் கிடந்தன. நாள்தோறும் ஒரே தடத்தில் போய்வந்தவர்கள், திறந்திருந்த நிலையங்களைத் தேடிப்பிடித்து வேறு வழியில் வேலைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ரயில்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கின. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் பொருளியலாளர்கள் பின்னர் பயண அட்டைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பயணிகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை.

கட்டாயத்தால் பிடித்த வழி, தாங்களே தேர்ந்தெடுத்த வழியைவிட நல்லதாக இருந்திருக்கிறது. இதற்கு லண்டன் ரயில் வரைபடமும் ஒரு காரணம். 1931இல் ஹாரி பெக் வரைந்த அமைப்பையே அது இன்னும் பின்பற்றுகிறது. பார்க்க அழகு, படிக்க எளிது. ஆனால் நிலையங்களுக்கு இடையே உள்ள உண்மையான தூரத்தை அது காட்டாது. படத்தை நம்பி ஒரு நாள் வழியை முடிவு செய்தவர்கள், அதன்பின் மறுபடி யோசிக்கவே இல்லை. காலையும் மாலையும் சில நிமிடங்களை இழந்துகொண்டே இருந்தார்கள். அந்த இருபதில் ஒருவர் இனி மிச்சப்படுத்தும் நேரத்தைக் கூட்டினால், வேலைநிறுத்தத்தில் ஊரே இழந்த நேரத்தைவிட அது அதிகம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்கு ரயில் நினைவுக்கு வரவில்லை. என் வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. எழுவது, அலுவலகம், திரும்புவது, கைப்பேசி, உறக்கம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் எதிலும் உப்பில்லை. செக்குமாட்டு வாழ்க்கை என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் சிக்கியவர்கள் பெரும்பாலும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்: எனக்கு மனவுறுதி இல்லை, நான் சோம்பேறி. அது தவறு. அங்கே நடப்பது மூளையின் தோல்வி அல்ல, அதன் வெற்றி.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மூளை ஆய்வாளர் ஆன் கிரேபியலின் குழு, எலிகளை ‘டி’ வடிவப் பாதையில் ஓடவிட்டு மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைக் கவனித்தது. தொடக்க நாட்களில் ஓட்டம் முழுவதும் அந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. பாதை பழகியபின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தது. நடுவில் பெரும்பாலும் அமைதி. பல அடிகளை மூளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. பல் துலக்குவதும் பைக் ஓட்டுவதும் நமக்கு இப்படித்தான் இலகுவாயின. வாரங்கள் எங்கே போயின என்று தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கட்டிய மூட்டைக்குள் என்ன இருந்தது என்று யார் பார்க்கிறார்கள்?

2012இல் அதே குழு செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பாதையின் ஒரு முனையில் எலிகளுக்குச் சாக்லேட் பால் கிடைத்தது. பழக்கம் ஊறியபின், அந்தப் பாலைக் குமட்டல் உண்டாக்கும் மருந்தோடு சேர்த்து எலிகளுக்கு வெறுக்க வைத்தார்கள். வெறுத்த பிறகும் எலிகள் அந்த முனைக்கே ஓடின. பின் மூளையின் முன்பகுதியில் ஒரு சிறு இடத்தை ஒளியால் அடக்கியதும் பழக்கம் அறுந்தது. எலிகள் மறுமுனைக்கு ஓடப் பழகின. அந்த இடத்தை மறுபடி அடக்கியபோது புதுப் பழக்கம் போய், பழையது திரும்பி வந்தது! பழைய தடம் அழியவில்லை. அதன்மேல் புதுத் தடம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே ‘பழசை விட வேண்டும்’ என்று போராடுவதைவிடப் புதியதொன்றைப் போட்டு மூடுவதே நடக்கக்கூடிய காரியம்.

எந்தப் புதியது? இங்கே டோபமைன் வருகிறது, மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாற்றுத் துளி கொடுத்து டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றபின், விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது அசையவில்லை. வரும் என்றது வராமல் போனபோது துடிப்பு அடங்கியது. அந்த அணுக்கள் இன்பத்தை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அளந்தன. எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கும் வாழ்க்கையில் அந்த இடைவெளி பூஜ்யம். நல்ல சம்பளமும் நல்ல சாப்பாடும் இருந்தும் சலிப்பது நன்றிகெட்டதனம் இல்லை.

அப்படியானால் சுற்றுலா போனால் போதுமா? போதாது என்பதற்கு நல்ல சான்று உண்டு. டெக்சாஸில் டெனிஸ் பார்க் தலைமையிலான குழு 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை மூன்று மாதம் வெவ்வேறு வேலைகளில் ஈடுபடுத்தியது. சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை கற்றார்கள், சிலர் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கக் கற்றார்கள், சிலர் இரண்டையும். இன்னொரு குழு கூடிப் பேசிச் சிரித்து, ஊர் சுற்றி, மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. நினைவாற்றல் கூடியது கற்றவர்களுக்கு, குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு. வாரத்துக்குச் சுமார் பதினைந்து மணி நேரம் அவர்கள் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டியிருந்தார்கள்.

ஜெர்மனியில் நடந்து 2004இல் வெளியான ஆய்விலும் இதுவே. மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்க மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில், அசைவைக் காணும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள், அதாவது நரம்பணுக்கள் செறிந்த திசு, பெருகியது. பயிற்சியை விட்ட மூன்று மாதத்தில் அது கணிசமாகக் குறைந்துபோனது.

உற்சாகம் வந்ததும் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை முறைகளில் ஒன்று 1970களிலிருந்து வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். மருத்துவர் தேவைப்படும் அளவுக்குச் சோர்வு இருந்தால் அவரிடம் போவதே சரி. வெறும் சலிப்புக்கும் இந்த வரிசை பொருந்துகிறது என்பது என் அனுபவம். எத்தனை நாளில் பழகும்? லண்டனில் 96 பேரைத் தொடர்ந்த ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை ஆகும் என்று கணிப்பு. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலரும் சொல்லும் கணக்கை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். இந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது சிக்குக் கோலம். அம்மா வாசலில் போடுவதை நாற்பது வருடம் பார்த்திருக்கிறேன், விரலிடுக்கில் மாவைப் பிடித்ததில்லை. நாளுக்கு ஒன்று, தவறினால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் புதிதாக என்பது அம்மா வைத்த விதி. ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். எங்கே பிசகினாலும் அந்தக் கணமே தெரிந்துவிடும். ஐந்து புள்ளிக் கோலம் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. பின் ஒரு வாரம் பிசகில்லாமல் போட்டேன். எட்டாம் நாள் போட்டுக்கொண்டே அலுவலகத்தை நினைத்திருந்தேன். கோலம் தானே முடிந்திருந்தது.

அடுத்த நாள் ஏழு புள்ளி வைத்தேன். மூன்றாவது வளைவிலேயே இழை திசைமாறிவிட்டது. அம்மா குனிந்து பார்த்து, “இங்கே உள்ளே திரும்பியிருக்க வேண்டும்” என்று விரலால் காட்டினார்.