எந்தக் கப்பலில் வந்தார்?

சிட்னியில் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் ஒரு வம்ச மரத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். இணையத்தில் யாரோ போட்டதை இன்னொருவர் நகலெடுத்து, அதை இவர் நகலெடுத்திருப்பார். அதன் வேரில் 1790களில் வந்த ஒருவர் பெயர், பக்கத்தில் 'ஃப்ரீ செட்லர்', அதாவது தண்டனை ஏதும் இல்லாமல் தானாக வந்து குடியேறியவர். "எந்தக் கப்பலில் வந்தார்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலில் அனுப்பிக் குடியேற்றிய நியூ சவுத் வேல்ஸின் ஆரம்ப வருடங்களைப் பொறுத்தவரை, கப்பல் பெயர் தெரியவில்லை என்றால் ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஜான் ஸ்மித்தும் மேரி வில்லியம்ஸும் கூட்டம் கூட்டமாக இருந்த காலனி அது. நம் ஊரில் ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் முன்னால் போட்டுக்கொள்வது மாதிரி, அங்கே எழுத்தர்கள் பெயரோடு கப்பலையும் சேர்த்தே எழுதினார்கள். 1790ல் லேடி ஜூலியானா கப்பலில் வந்த மேரி ஒருத்தி. 1791ல் மேரி ஆன் கப்பலில் வந்த மேரி வேறொருத்தி. இணைய மரங்களில் இப்படி இரண்டு பெண்கள் ஒருத்தியாகி, இரண்டு கணவர்களோடும் இருபது பிள்ளைகளோடும் நிற்பது சகஜம்.

ஆகவே மேலிருந்து கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதம் என்று பின்னால் போங்கள். நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதிய ஆரம்பித்தது 1856 மார்ச் 1ல். அதற்குப் பிந்திய இறப்புச் சான்றிதழ் ஒரு பொக்கிஷம்: பெற்றோர் பெயர், பிறந்த ஊர், திருமணம் நடந்த இடம், பிள்ளைகள் எல்லாம் இருக்கும். 'காலனிகளில் எத்தனை வருடம்' என்றுகூட ஒரு கட்டம் உண்டு. 1860ல் இறந்தவருக்கு அதில் 58 என்றிருந்தால், 1802ஐ ஒட்டி வந்த கப்பல்களைப் பார்க்கலாம். ஆனால் தகவல் சொன்னது இறந்தவர் அல்ல. மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ. வருடம் சில முன்னே பின்னே இருக்கும். அப்பாவின் பழைய கதை தெரியாத மகனும் உண்டு, தெரிந்தே மறைத்த மகனும் உண்டு. கைதி வம்சம் என்பதை அப்படி மறைத்துவைத்த நாடு இது. இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

1856க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகளும் அவ்வப்போது ஆட்களைக் கூட்டி எண்ணிய 'மஸ்டர்' பட்டியல்களும்தான். எனக்குப் பிடித்தது 1828 நவம்பர் கணக்கெடுப்பு. 36,598 பேர், வயது, கப்பல், வந்த வருடம், தண்டனை, மதம், வேலை, நிலம், மாடு வரை இருக்கிறது. அதில் 'கேம் ஃப்ரீ', அதாவது தண்டனை இல்லாமல் வந்தவர் என்று தன்னைப் பதிந்துகொண்ட பழைய கைதிகளும் உண்டு என்பதால், கைதிகளின் கப்பல் பட்டியலோடு ஒத்துப்பார்க்காமல் நம்பவேண்டாம்.

எந்தக் காகிதமும் நமக்காக எழுதப்பட்டதில்லை. 1806ல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் காலனிப் பெண்களைப் பட்டியல் போட்டார்: 395 பேர் மனைவிகள், 1,035 பேர் வைப்பாட்டிகள். இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த கல்யாணத்தை மட்டுமே அவர் கல்யாணமாக எண்ணினார். ஆயுள் முழுக்க ஒரே கணவரோடு குடும்பம் நடத்திய ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணுக்கும் அதே முத்திரை. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பாட்டியைப் பற்றி மனம் நொந்துபோகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹென்றி கேபிள் கதை இன்னும் நல்ல பாடம். 1783ல் இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு நீதிமன்றத்தில் வீடு புகுந்து திருடியதற்காக மரண தண்டனை; பிறகு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. கூடவே பிடிபட்ட அவருடைய அப்பா தூக்கிலிடப்பட்டார். நாரிச் கோட்டைச் சிறையில் சூசன்னா ஹோம்ஸ் என்ற கைதியோடு ஹென்றிக்கு உறவு ஏற்பட்டு, 1786ல் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் பிளிமத்துக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த கைதிக் கப்பலின் கேப்டன் கைக்குழந்தையை ஏற்க மறுத்துவிட்டார். உடன்போன சிறைக்காவலர் ஜான் சிம்சன், குழந்தையோடு லண்டனுக்கே போய் அமைச்சர் சிட்னி பிரபுவிடம் முறையிட்டார். பத்திரிகைகள் எழுதின, பொதுமக்கள் பணம் போட்டு அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூட்டை சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். மூவரும் காலனிக்குக் கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் தொகுதியில் வந்தார்கள். 1788 பிப்ரவரி 10ல் சிட்னியில் கல்யாணம்.

மூட்டைதான் வந்து சேரவில்லை. அலெக்சாண்டர் கப்பலில் ஏற்றப்பட்ட அது காணாமல் போனது. அதே வருடம் ஜூலையில் தம்பதி கப்பல் கேப்டன் டங்கன் சின்க்ளேர் மீது வழக்குப் போட்டு, 15 பவுண்டு இழப்பீடு வாங்கினார்கள். காலனியின் முதல் சிவில் வழக்கு அது. மரண தண்டனை பெற்று மன்னிப்புப் பெறாத கைதிக்கு, இங்கிலாந்துச் சட்டப்படி வழக்குப் போடும் உரிமையே கிடையாது. அதனால் வழக்குக் காகிதத்தில் இருவரும் 'இந்த இடத்தின் புதுக் குடியேறிகள்'. கைதிகள் என்ற பேச்சே இல்லை.

அந்த ஒரு காகிதம் மட்டும் கையில் கிடைத்தவர் என்ன எழுதுவார்? ஃப்ரீ செட்லர் என்றுதான். ஹென்றி பின்னால் தலைமைக் காவலரானார், சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாடும் வியாபாரத்தில் கூட்டாளியானார், 1846ல் இறந்தார். பிற்காலத் தாள்களை மட்டும் பார்த்தால் செல்வாக்கான வணிகர். கேபிள், கேபெல், கீபிள் என்று ஆளுக்கொரு விதமாகப் பெயரை எழுதியிருப்பதால், ஒரே எழுத்துக்கூட்டில் தேடினால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

இங்கிலாந்துப் பக்கம் தேடும்போது ஓல்ட் பெய்லி நீதிமன்ற ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் அவை லண்டன், மிடில்செக்ஸ் பகுதி வழக்குகள். ஹென்றி மாதிரி வெளியூர்க்காரருக்கு, லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும் அந்தக் காலத்து மாவட்டப் பத்திரிகைகளும்தான் வழி. காசு கேட்கும் தளத்தில் அட்டை நம்பரைக் கொடுப்பதற்கு முன், பழைய பத்திரிகைகளை இலவசமாகத் தேடிப் படிக்கத் தரும் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தைத் துழாவுங்கள். உங்கள் குடும்பப் பெயருக்கு 'பரம்பரைச் சின்னம்' என்று விற்பவர்களிடம் எதையும் வாங்காதீர்கள். அந்தச் சின்னங்கள் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியவை, ஒரு பெயர் கொண்ட எல்லாருக்கும் அல்ல. டி.என்.ஏ. பரிசோதனையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. எட்டாவது தலைமுறையில் மட்டும் நமக்கு மூதாதையர் 256 பேர். அவர்களில் சிலருடைய டி.என்.ஏ. நம் உடம்பில் துளியும் இல்லாமலே போயிருக்கலாம்.

அப்புறம், நிறையப் பேர் தேடாமல் விடும் ஒரு பக்கம். 1828 கணக்கெடுப்பு அந்த மண்ணின் பூர்வகுடிகளை எண்ணவில்லை. ஆனால் குடியேறிகளின் குடும்பங்களில் அவர்கள் இருந்தார்கள். தாருக் இனத் தலைவர் யாரமுண்டியின் மகள் மரியா, 1824 ஜனவரி 26ல் ராபர்ட் லாக் என்ற கைதித் தச்சரை மணந்தார். கணவர் இன்னும் கைதி என்பதால், அவரை மனைவியின் பொறுப்பிலேயே அரசு ஒப்படைத்தது. 1831ல் மரியா, இறந்துபோன சகோதரர் கோல்பீயின் நிலத்தைக் கேட்டு ஆளுநருக்கு மனு எழுதினார். பிற்பாடு அந்த நிலம் கிடைத்தது. இன்று பல தாருக் குடும்பங்கள் அவர் வழி வந்தவை. மரத்தில் ஒரு மனைவிக்கு ஊர் பேர், பெற்றோர் எதுவும் இல்லாமல் வெறும் 'மரியா' என்றோ 'கிட்டி' என்றோ இருந்தால், கப்பல் பட்டியலோடு நிறுத்தாமல் காலனிச் செயலர் அலுவலக மனுக்களையும் நிலக் கோப்புகளையும் பூர்வகுடிகளுக்கு அரசு போர்வை கொடுத்த பட்டியல்களையும் பாருங்கள். ஏதாவது கிடைத்தால், இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் பதில் ஏற்கெனவே இருக்கும்.