தமனிக் கவட்டில் ஒரு கட்டி

கழுத்தின் பக்கவாட்டில், தாடை எலும்பின் கோணத்துக்குச் சற்றுக் கீழே விரலை மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். அங்கே ஓடுவது கரோட்டிட் தமனி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் அது இரண்டாகக் கவைக்கிறது. உட்கிளை மூளைக்குப் போகிறது, வெளிக்கிளை முகத்துக்கும் தலையின் மேற்புறத்துக்கும். அந்தக் கவட்டில், தமனிச் சுவரை ஒட்டி, அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் கரோட்டிட் பாடி.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. குறைந்தால் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும்; மூச்சு உடனே வேகமெடுக்கும். இந்தச் செயல்பாட்டை விளக்கிய பெல்ஜிய விஞ்ஞானி கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. எடைக்கு எடை பார்த்தால் மூளைக்குப் போவதைவிட அதிக ரத்தம் இந்தச் சிற்றுறுப்புக்குள் பாய்கிறது. இங்கே கட்டி வந்தால், அது எத்தகைய கட்டியாக இருக்கும் என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

பாரகாங்கிலியோமா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கட்டி மிக அரிது. பெரும்பாலும் புற்று அல்ல. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராது. ஆனாலும் ஒரு சிலருக்கு நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ பரவிவிடுகிறது. நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து, இது பரவும், இது பரவாது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல இன்றும் வழி இல்லை.

ஏன் வருகிறது? ஒரு தடயம் மலையிலிருந்து கிடைத்தது. பெருவின் ஆண்டீஸ் மலைகளில், காற்று மெலிந்த உயரங்களில் வாழ்பவர்களுக்கு இந்தக் கட்டி அதிகம் வருவதை 1970களில் கண்டறிந்தார்கள். வாழ்நாள் முழுவதும் ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்கும் உறுப்பு பருக்கிறது. சிலருக்கு அந்தப் பருமனே கட்டியாகிவிடுகிறது. இன்னொரு தடயம் மரபணுவிலிருந்து 2000ஆம் ஆண்டில் வந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்னும் பொருளைச் செரிக்கும் நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பழுதானால், சக்சினேட் செல்லுக்குள் தேங்குகிறது. அந்தத் தேக்கம், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும், அது தீர்ந்துவிட்டது என்று செல்லை நம்பவைக்கிறது. சமவெளியில் வாழ்பவரின் கழுத்துக்குள் இந்த உறுப்பு மட்டும் மலையுச்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெருகுகிறது. மலையும் மரபணுவும் ஒரே இடத்தில் வந்து சேர்வது இந்த நோயின் மிக அழகான பகுதி என்று எனக்குத் தோன்றும்.

கண்டறிவதில்தான் கவனம் வேண்டும். நம் ஊரில் கழுத்தில் வலியில்லாத கட்டி என்றதும் நெறிகட்டி என்பார்கள். மருத்துவர் காசநோயைச் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகத்தில் தவறில்லை, காசநோய் இங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது. அடுத்து, ஊசி குத்தித் திசு எடுக்கச் சொல்வார்கள். கட்டி இந்த உறுப்பிலிருந்து வந்ததாக இருந்தால் அந்த ஊசி ஒரு ரத்தக்குளத்துக்குள் இறங்குகிறது. வெட்டியெடுக்கும் பயாப்சி இன்னும் ஆபத்து. தாடைக் கோணத்துக்குக் கீழே, தமனியை ஒட்டியிருக்கும் கட்டிக்கு முதலில் ஸ்கேன், பிறகுதான் ஊசி. இந்த வரிசை மாறவே கூடாது.

ஸ்கேனுக்கும் முன்பு விரல்களே நிறையச் சொல்லிவிடும். இந்தக் கட்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அசையும். மேலும் கீழும் தள்ளினால் நகராது. நெடுக ஓடும் தமனியோடு பிணைந்திருப்பதுதான் காரணம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சிலருக்கு ரத்தம் இரைந்து ஓடும் ஒலியும் கேட்கும்.

பிறகு டாப்ளர், சி.டி. ஆஞ்சியோகிராம், எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டி தமனியின் இரண்டு கிளைகளையும் அகட்டி வைத்திருக்கும். யாழின் வளைந்த கைகள்போல் அவை இருபுறமும் விலகி நிற்கும். எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்குள் கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரியும். கரும்புள்ளிகள் வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள். இவற்றோடு ரத்தத்திலோ சிறுநீரிலோ, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவையும் பார்க்க வேண்டும். கழுத்தில் வரும் பாரகாங்கிலியோமாக்களில் மிகச் சிலவே அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஆனால் சுரக்கும் கட்டியைத் தெரியாமல் தொட்டுவிட்டால், மயக்கநிலையில் இருக்கும் நோயாளியின் ரத்த அழுத்தம் கட்டுமீறிப் பாயும்.

அறுவை சிகிச்சையின் தொடக்க வரலாறு துயரமானது. 1880இல் ரீக்னர் முயன்றார், நோயாளி இறந்துபோனார். 1886இல் மைடல் கட்டியை எடுத்தார். நோயாளி பிழைத்தார், ஆனால் பேச்சு போயிற்று, உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. கட்டியோடு சேர்த்துத் தமனியையும் கட்டிவிட வேண்டியிருந்ததால் மூளைக்கு ரத்தம் நின்றதே இதற்குக் காரணம். தமனியைக் காப்பாற்றியபடி கட்டியை மட்டும் எடுக்க 1889இல் ஆல்பெர்ட்டால் முடிந்தது. 1940இல் ஆங்கிலேய அறுவை நிபுணர் கோர்டன்-டெய்லர், தமனிச் சுவரின் வெளியுறைக்கு அடியில் வெண்ணிறமாகத் தெரியும் ஒரு தளத்தைக் காட்டினார். அந்தத் தளத்தில் கத்தி போனால் கட்டி பிரியும், தமனி தப்பும்.

இன்றும் அதே தளத்தைத்தான் தேடுகிறார்கள். கழுத்துத் தசையின் முன்விளிம்பை ஒட்டித் திறந்து, கட்டிக்குக் கீழும் மேலும் தமனியைச் சுற்றி மெல்லிய ரப்பர் நாடாக்களை இடுகிறார்கள். ரத்தம் பீறிட்டால் உடனே இறுக்கிப் பிடிப்பதற்கு. நாக்கை அசைக்கும் நரம்பு கட்டியின் மேற்பகுதியைக் குறுக்கே கடந்து போகும். குரலுக்கான வேகஸ் நரம்பு பின்னால் பதுங்கியிருக்கும். இரண்டையும் அடையாளம் கண்டு விலக்கிய பிறகே கட்டியைத் தொட வேண்டும். பிறகு கீழிருந்து மேலாக, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, நுண்குழாய் ஒவ்வொன்றையும் மின்சூட்டால் அடைத்தபடி உரிக்கிறார்கள். கவடு கடைசிக்கு. தமனிச் சுவர் மெலிந்து எளிதில் கிழிவதும் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக நுழைவதும் அங்கேதான்.

கட்டி தமனியை எவ்வளவு சூழ்ந்திருக்கிறது என்பதை வைத்து ஷாம்ப்ளின் குழுவினர் 1971இல் மூன்று வகை பிரித்தார்கள். முதல் வகை எளிதில் பிரியும். மூன்றாம் வகை தமனியை முற்றிலும் விழுங்கியிருக்கும். அப்போது தமனியின் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு, தொடையிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைக்க நேரிடலாம்.

எடுத்த பிறகும் விளைவுகள் உண்டு. குரல் கம்மலாம், விழுங்கச் சிரமப்படலாம். சிலருக்கு ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தில் மட்டும் காதுக்கு முன்னால் கூரிய வலி எழுந்து, மெல்ல மெல்லக் குறையும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு அறுபடுவதால் வருவது இது. இரு பக்கமும் கட்டி இருந்து இரண்டையும் எடுத்தால், ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் நரம்புகளும் சேதமாகி, அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கலாம். எனவே வயதானவர்களுக்கும், தொல்லை தராத சிறு கட்டிகளுக்கும், ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதே பல வேளைகளில் நல்ல மருத்துவம். வளர்ச்சியை நிறுத்தக் கதிர்வீச்சும் உதவும்.

கட்டி உள்ளவருக்கு மரபணுச் சோதனை செய்வது அவசியம். 2000ஆம் ஆண்டில் முதலில் கண்டறியப்பட்ட அந்த மரபணுப் பழுது அப்பாவிடமிருந்து வந்தால்தான் அனேகமாகக் கட்டியாகிறது. அம்மாவிடமிருந்து வந்தால் பிள்ளை அதைச் சுமக்குமே தவிர, கட்டி வருவது மிக அரிது. ஆனால் அந்தப் பிள்ளை ஆணாக இருந்து அவனுக்குக் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கு வரலாம். ஆகவே "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று நோயாளி சொன்னால், மருத்துவர் அவருடைய அப்பாவின் அம்மா வழி உறவுகளையும் விசாரிக்க வேண்டும்.