‘டாம் சாயர்’ உறுமலும் மூன்று பேர் கணக்கும்

கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழு 1981 பிப்ரவரியில் வெளியிட்ட ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் முதலில் காதில் விழுவது கிட்டார் அல்ல. டிரம்ஸோடு சேர்ந்து மேலிருந்து கீழே வழுக்கிவரும் ஒரு சிந்தசைசர் (மின்னணுவால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) உறுமல்தான். வேடிக்கை என்னவென்றால், ‘டாம் சாயர்’ பாட்டின் அந்தத் தொடக்கத்தில் சுரம் இறங்குவதே இல்லை. சுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இறங்குவது ஃபில்டர், அதாவது ஒலியின் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பகுதி.

ரம்பப் பல் வடிவ அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிப்படை அதிர்வு 82.4 ஹெர்ட்ஸ் என்றால், அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேற்சுரங்களும் அதற்குள் இருக்கும். இரண்டாவது (இரு மடங்கு) அடிப்படையின் பாதி வலிமை, பத்தாவது (பத்து மடங்கு) பத்தில் ஒரு பங்கு. லோ-பாஸ் ஃபில்டர் ஒரு எல்லைக்கு மேலுள்ளவற்றை மழுக்கிவிடும். ரெசனன்ஸைக் கூட்டினால் எல்லையை ஒட்டிய ஒரு குறுகிய பகுதி மட்டும் புடைத்து எழும். எல்லை கீழே நகர நகர, 824 ஹெர்ட்ஸில் இருக்கும் பத்தாவது மேற்சுரம், 742-ல் ஒன்பதாவது, 659-ல் எட்டாவது என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டி மறையும். ஒரே சுருதியில் ‘ஆ’ என்று தொடங்கி வாயைக் குவித்து ‘ஊ’ என்று முடித்துப் பாருங்கள். வாய் செய்வதும் இதே வேலைதான்.

ரஷ்ஷின் கெடி லீ பயன்படுத்தியது ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ் என்ற சிந்தசைசர். வேறு கருவியில் இதை நெருங்க வேண்டுமானால், அலையை உருவாக்கும் இரண்டு ஆசிலேட்டரையும் ரம்ப அலையில் வைத்து ஒன்றை 5 முதல் 8 சென்ட் விலக்குங்கள் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்). கட்-ஆஃப் (ஃபில்டரின் எல்லை) அடிமட்டத்துக்குச் சற்று மேலே, ரெசனன்ஸ் பாதியைத் தாண்டி, ஃபில்டர் என்வலப்பின் (எல்லையை நேரத்தோடு நகர்த்துவது) அளவு முக்கால் பங்கு. அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (இறங்கும் நேரம்) 2 முதல் 3 நொடி, சஸ்டெயின் (இறங்கியபின் நிற்கும் அளவு) பூஜ்யம். பலரும் கோட்டைவிடுவது அடுத்த படியில். ஒலி அளவுக்கான என்வலப்பையும் அதே டிகேயில் விட்டால், ஃபில்டர் கீழே வந்து சேரும் முன்பே சத்தம் செத்துவிடும். அதன் சஸ்டெயின் முழுதாக இருக்க வேண்டும். ஓபி-எக்ஸின் ஃபில்டர் ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வு இரட்டிப்பாகும் தூரம்) 12 டெசிபல் மட்டுமே குறைப்பது. மூக் (Moog) நிறுவனச் சிந்தசைசர் வகையின் 24 டெசிபல் ஃபில்டரில் எல்லைக்கு மேலுள்ள கரகரப்பு சட்டென்று போய்விடும். ரெசனன்ஸ் மிஞ்சினால் ஃபில்டரே விசில் அடிக்கத் தொடங்கும், அடித்தளமும் மெலியும்.

ஓபி-எக்ஸ் ஏன் குழுவின் ஒலியையே மாற்றியது? குழுவில் மூன்றே பேர்: பேஸ், கீபோர்டு, குரல் மூன்றும் கெடி லீ, கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸ் நீல் பியர்ட். 1970களின் பிற்பகுதியில் லீ வாசித்த மினிமூக் சிந்தசைசர் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். 1979-இல் வந்த ஓபி-எக்ஸ் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். ஆனால் இரண்டு கையும் கீபோர்டில் இருந்தால் பேஸை யார் வாசிப்பது? கால்கள். மூக் டாரஸ் என்ற 13 கட்டைப் பெடல் தரையில் இருக்கும். அடிச்சுரத்தைக் காலால் மிதித்து நிறுத்தலாம். மேடையில் நான்காவது ஆளை வைக்காமல் சமாளித்தது அப்படித்தான்.

லைஃப்சன் பக்கம் வேறொரு தந்திரம். 1978-இன் ‘ஹெமிஸ்பியர்ஸ்’ தொடக்கக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அவர் பிடிக்கும் விதம், தடித்த கம்பியிலிருந்து 2-4-4-3-0-0. எண் விரல் வைக்கும் கட்டம், 0 என்றால் விரல் இல்லை. மெல்லிய இரண்டு கம்பிகள் திறந்தே ஒலிக்கும். அதோடு கோரஸ் எஃபெக்ட்: ஒலியின் நகலைச் சில மில்லிநொடி தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்ல ஆட்டி மூலத்தோடு கலப்பது. ஒரு கிட்டார் இரண்டாக விரிந்து கேட்கும்.

‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தின் ‘ஒய்ஒய்இசட்’ (YYZ) என்ற வாத்தியப் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு; தொடக்கத் தாளமே அதன் மோர்ஸ் வடிவம். கோடு-புள்ளி-கோடு-கோடு இரண்டு முறை, பிறகு கோடு-கோடு-புள்ளி-புள்ளி. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணினால் 7, 7, 6. மொத்தம் 20, அதாவது நான்கு எண்ணுக்கு ஒரு பீட் என்று ஐந்து பீட். மோர்ஸில் கோடு புள்ளியைப் போல மூன்று மடங்கு அல்லவா என்று கேட்கலாம். அடுத்து வரும் ஓர் அலகு இடைவெளியைச் சேர்த்தால் கோட்டுக்கு 4, புள்ளிக்கு 2. விகிதம் சரியாகவே வருகிறது. குழு விட்டுவிட்டது எழுத்துகளுக்கு நடுவே வரவேண்டிய கூடுதல் இடைவெளியை மட்டும். கிட்டாரும் பேஸும் அதை வாசிப்பது சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரத்தில். காதுக்கு நிம்மதி தராத தூரம் அது.

1980 இலையுதிர் காலத்தில், கியூபெக்கின் மாரின் ஹைட்ஸ் ஊரிலுள்ள ‘லெ ஸ்டூடியோ’வில், தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனோடு சேர்ந்து செய்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ பதிவில் கீபோர்டு முன்னே வரும்போது கிட்டார் பெரும்பாலும் ஒதுங்குகிறது, கிட்டார் வரும்போது கீபோர்டு. 1982-இன் ‘சிக்னல்ஸ்’ ஆல்பத்தில் அந்த ஒதுக்கம் குறைந்தது. 1000 ஹெர்ட்ஸ் அருகே நம் காது சுமார் 160 ஹெர்ட்ஸ் அகலப் பட்டையை ஒரே கட்டாகக் கேட்கிறது. அதற்குள் இரண்டு ஒலி விழுந்தால் வலுத்தது மற்றதை மூடிவிடும். நீண்டு நிற்கும் சிந்தசைசர் கார்டும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் இதே நடுப்பகுதியில்தான் மோதுகின்றன. கிட்டாரின் ஒலி அளவுக் குமிழான ஃபேடரை ஏற்றினால் மோதலின் சத்தம்தான் ஏறும். கீபோர்டை ஒரு ஆக்டேவ் தூக்குவது, அதன் நடுப்பகுதியில் 2, 3 டெசிபல் வெட்டுவது, அல்லது அதைச் சும்மா இருக்கவிடுவது என மூன்று வழி உண்டு. மூன்றாவதே உத்தமம், மனம்தான் வராது. பிரவுன் அவர்களோடு செய்த கடைசி ஆல்பம் ‘சிக்னல்ஸ்’தான்.

2002-இன் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ கீபோர்டே இல்லாமல் வந்தது. அந்த இடத்தைக் கிட்டார் அடுக்குகள் நிரப்பின. சத்த அளவு உச்சவரம்பை முட்டியது. வரம்பைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும், வெட்டிய விளிம்பிலிருந்து பாட்டில் இல்லாத கரகரப்பு பிறக்கும். முடிந்துபோன ஒலிப்பதிவின் அளவைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட முகடு திரும்பாது. 2013-இல் முழு ஆல்பத்தையும் தனித்தனி டிராக்குகளிலிருந்து மறுபடியும் கலந்து வெளியிட்டார்கள்.